கோட்டுக்குத் தெற்கே மூன்று பிடி மண்

மைதீன் அண்ணே!

இப்படிக் கூப்பிட்டால் "என்னலே தலைப்பிரட்டை" என்று திரும்பிப் பார்ப்பாய். நான் இப்போது தலைப்பிரட்டை இல்லை. கோட்டைத் தாண்டி ஆமையாகிவிட்டேன். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீ இல்லை. அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் சொல்கிறேன்.

நான் காதர். தாராவியில் ஒரு தோல் கிடங்கில் தோலுக்கு உப்புத் தடவுகிற வேலை. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மைதீன் என் அண்ணன். பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற கப்பலில் கலாசி. கயிறு இழுக்க வேண்டும், தளம் கழுவ வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், அதுதான் கலாசி வேலை.

பூமியின் நடு வயிற்றில் ஒரு கோடு இருக்கிறதல்லவா, பூமத்திய ரேகை, அதைக் கப்பல்காரர்கள் வெறுமனே லைன் என்பார்கள். முதல் தடவை அதைத் தாண்டப் போகிறவனுக்குத் தலைப்பிரட்டை என்று பெயர். தவளை ஆவதற்கு முன்னால் சாக்கடையில் வாலோடு நீந்துமே, அது. தாண்டிப் பழகினவன் ஆமை. வெள்ளைக்கார ஆபீசர்கள் 'ஷெல்பேக்' என்பார்களாம். முதுகில் ஓடு வளர்ந்தவன் என்று அண்ணன் சொன்னான். ஆனால் சும்மா ஆமையாகிவிட முடியாது. முகத்தில் கண்டதையும் பூசி, மரக்கத்தியால் சிரைத்து, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அப்புறம்தான் ஆள் கணக்கில் சேர்ப்பார்கள். அண்ணன் கப்பலில் அந்த நாவிதர் வேஷம் எப்போதும் அவனுக்குத்தான்.

ஊருக்கு வந்தால் எங்கள் சந்தில் ஓடுகிற சாக்கடைதான் அவனுக்கு லைன். சந்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, சோப்பு நுரை பூசி, அடிமட்டக் கட்டையால் வழித்து, குழாய்த் தண்ணீரைத் தலையில் ஊற்றி, "தாண்டுலே!" என்பான். ஒருத்தன் பாக்கியில்லாமல் தாண்டினார்கள். உம்மாவை மட்டும் அவனால் தாண்ட வைக்க முடியவில்லை. "நானும் தாண்டிட்டா அடுப்ப யாருலே பாப்பா? போ அங்கிட்டு" என்று விரட்டிவிடும்.

அந்த அண்ணன் மொம்பாசாவிலிருந்து திரும்பி வரும்போது காய்ச்சலில் கப்பலிலேயே மௌத்தாகிவிட்டான். லைனைத் தாண்ட அரை நாள் இருந்ததாம். கடலில்தான் அடக்கம்.

கலாசிகளுக்குத் தலைவரைச் சாரங் என்பார்கள். அந்தக் கப்பலின் தாவூத் சாரங் ரத்னகிரிக்காரர், வயசாளி. எங்கள் வீட்டைத் தேடி அவரே வந்தார். செருப்பைச் சந்து முனையிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்தார். குளிப்பாட்டினோம், கஃபன் துணி போட்டோம், ஜனாஸாத் தொழுகை தொழுதோம் என்று இந்தியில் ஒவ்வொன்றாகச் சொன்னார். உம்மா முக்காட்டுக்குள்ளிருந்து ஒன்றே ஒன்று கேட்டது.

"மண்ணு போட்டியளா?"

எங்களில் மய்யித்தை அடக்கும்போது வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு மூன்று பிடி மண் போட வேண்டும். நான் கேள்வியை இந்தியில் சொன்னேன். பெரியவர் தலை குனிந்துகொண்டார். "கப்பல்ல அரிசி இருக்கு, எண்ணெய் இருக்கு, இரும்பு இருக்கு. மண் மட்டும் இல்லம்மா" என்றார்.

அதற்கப்புறம் உம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றில் கை வைக்கும், எடுத்துவிடும்.

மொம்பாசாவில் தையல்கடை வைத்திருக்கிற மாமா, கை ஒடிந்து கிடக்கிறேன், கொஞ்ச காலம் கூட இருக்க யாராவது வாங்க என்று சொல்லி அனுப்பினார். நான் போகிறேன் என்றேன். கடலுக்கு இன்னொருத்தனா என்று உம்மா அழும் என்று நினைத்தேன். அது எழுந்து கும்பர்வாடாவுக்குப் போனது.

தாராவியில் குயவர்கள் இருக்கிற பக்கம் கும்பர்வாடா. எங்கள் வாசல் மண்ணில் தோல் துண்டும் சுண்ணாம்பும்தான் இருக்கும், அதைப் பிள்ளைக்குப் போட முடியாது. குஜராத்திக்காரி ஒருத்தி விஷயத்தைக் கேட்டு, பானைக்கு வைத்திருந்த நல்ல மண்ணை அள்ளிக் கொடுத்தாள். உம்மா அதைக் காயவைத்து, மாவு சலிக்கிற சல்லடையில் சலித்து, பட்டுப்போல ஆக்கி, துணிப்பையில் கட்டியது. "ஒங்கண்ணன் கெடக்க எடத்துல மூணு பிடி போட்டுட்டு வா. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்றது. என் பயணம் இதற்குத்தான். மாமாவின் கை அப்புறம்.

கிளம்பின நாளே கோளாறு. சயான் ஸ்டேஷனில் உம்மா பெண்கள் பெட்டியில் மண் பையோடு ஏறியது, நான் தகரப் பெட்டியோடு அடுத்த பெட்டியில். இறங்க வேண்டியதற்கு முந்தின மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டம் என்னையும் பெட்டியையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டது. ரயில் போயே போய்விட்டது, உம்மாவும் மண்ணும் அதில். தனியாக ஒரு ஸ்டேஷனும் போய்ப் பழக்கமில்லாதது உம்மா. பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு துறைமுகம் வரைக்கும் ஓடினேன். கேட்டில் எல்லாரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு கோளி மீன்காரி, காலி மீன்கூடை ஒரு கையில், உம்மா இன்னொரு கையில், இழுத்துக்கொண்டு வந்தாள்.

உம்மாவுக்கு மராத்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. எப்படிப் பேசிக்கொண்டார்களோ! என்னைப் பார்த்து மராத்தியில் சொன்னாள்: "கடலுன்னா எங்களுக்கு மாமியார் வீடுடா பையா. திட்டும், அடிக்கும். சோறும் அதுதான் போடும். அம்மாகிட்டச் சொல்லு, அழ வேண்டாம்னு." நான் சொல்வதற்குள் உம்மா மண் பையை என் நெஞ்சில் வைத்து அழுத்திவிட்டுத் திரும்பி நடந்துவிட்டது.

அண்ணன் வேலை பார்த்த அதே கப்பல். எங்களுக்குக் கீழ்த்தளம். தாராவியில் இருக்கிற நெருக்கம்தான், ஆனால் தாராவி ஆடாது. முதல் நாள் முழுக்க வாந்தி. பக்கத்துப் படுக்கையில் ஒரு மாட்டுங்கா மாமி. நைரோபியில் ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கிற மகளிடம் பேறுகாலத்துக்குப் போகிறார். நான் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, டப்பாவைத் திறந்து உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டை நீட்டினார்.

"வாயில அடக்கிக்கோடாப்பா. முழுங்கிடாதே. ஊர் எது?"

"தாராவி."

"அடப் பாவி! நம்ம பக்கத்தாத்துப் பிள்ளைன்னு சொல்லு. நடுவுல ஒரு ரயில் பாலம்தானே."

அந்தப் பாலத்தைத் தாண்டி அவர் ஒரு நாளும் எங்கள் பக்கம் வந்திருக்க மாட்டார். நானும் அவர்கள் பக்கம் பூ மார்க்கெட் வரைக்கும்தான் போயிருக்கிறேன். இங்கே இரண்டு பேருக்கும் ஒரே வாளி. நார்த்தங்காய் வேலை செய்தது.

மறுநாள் அடுப்படியைத் தேடிப் போனேன். கப்பல் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். அங்கேதான் பண்டாரி செய்யது அண்ணன், எங்கள் மைதீனின் கூட்டாளி, காயல்பட்டினத்துக்காரர். என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு வாய் ஓயவில்லை.

"மூக்கப் பாரு, அப்படியே மைதீன்! அவன் மூக்கு ஒரு சமயம் கப்பலுக்கு முன்னாலேயே மொம்பாசா போய்ச் சேந்துரும். சாப்பிட்டியா? மத்த எல்லாருக்கும் பருப்பு. ஒனக்கு மட்டும் கருவாடு இருக்கு. சாரங்கிட்டச் சொல்லிராத, அவரும் கேப்பாரு."

தளத்தைத் தினமும் குழாய் போட்டுக் கழுவுகிறார்கள். பெட்டியெல்லாம் நனைகிறது. மண் கரைந்துவிடுமோ என்று பயம். பையைச் செய்யது அண்ணனிடம் கொடுத்து, "நனையாம வச்சிருங்கண்ணே. பத்திரம்" என்றேன். என்ன ஏது என்று சொல்லவில்லை. கப்பல்காரர்கள் சகுனம் பார்க்கிறவர்கள், மய்யித்து மண் என்றால் கப்பலில் வைக்க விடுவார்களோ மாட்டார்களோ. அதுவும் போக, அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பையைத் தொட்டுப் பார்த்து, கண்ணடித்து, மசாலா அலமாரியில் வைத்தார். ஏன் கண்ணடித்தார் என்று அப்போது புரியவில்லை.

தாவூத் சாரங்கிடம் மட்டும் சொன்னேன். "லைன் தாண்டுறது காலையில. உன் அண்ணன் இடம் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு வரும். நான் கூப்பிடுவேன். கையலம்பிட்டு ரெடியா இரு" என்றார். எல்லாக் கடலும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மேலே ஆபீசர்களுக்குக் கருவி இருக்கு, அவங்க சொல்வாங்க. சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். அவனை என் கையால விட்டேன்" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் சும்மா தண்ணீர்தான். பறக்கிற மீன் பார்த்தேன். மாமி அதைப் பார்த்து, "இது மீன்ல சேத்தியா பட்சில சேத்தியா?" என்று கேட்டார். "பட்சின்னா சாப்பிடுவீங்களா மாமி?" என்றேன். "படவா" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். உம்மாவை விட்டுக் கிளம்பிய பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது. மாமி தயிர்சாதத்தை உருட்டி என் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். எல்லாம் தின்று முடித்த பிறகு அண்ணனைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் அவரிடம் சொன்னேன்.

லைன் நாள் வந்தது. மேல் தளத்தில் பணக்காரப் பயணிகளுக்கு ஆபீசர்கள் தனியாக விழா வைத்தார்கள், பாண்டு வாத்தியம் கேட்டது. எங்கள் விழா முன் தளத்தில். கித்தானைக் கட்டித் தொட்டி, அதில் இடுப்பளவு கடல் தண்ணீர். கப்பல் தச்சர் சமுத்திர ராஜா. கயிற்றைப் பிரித்துத் தாடி, தகரத்தில் கிரீடம், கையில் அடுப்படி முள்கரண்டி. இந்தத் தடவை நாவிதர் செய்யது அண்ணன். புதுக் கலாசிகளோடு ஆசைப்பட்ட பயணிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். மாமி கம்பிப் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரடா நீ, என் வாசல்ல?" என்று ராஜா இந்தியில் கர்ஜித்தார்.

"தலைப்பிரட்டை" என்று சொல்ல வேண்டும். சொன்னேன்.

"வாலை அறுக்கலாமா?"

"அறுங்க ஹுஸூர்!" என்று ஆமைகள் எல்லாம் கத்தின.

செய்யது அண்ணன் என்னை முக்காலியில் உட்காரவைத்தார். கையில் முழ நீளத்துக்கு ஒரு மரக்கத்தி. என் காதில் குனிந்து, "இது ஒங்க அண்ணன் செதுக்குனதுலே. பிடியைப் பாரு" என்றார். பிடியில் சின்னதாக ஒரு ஆமை செதுக்கியிருந்தது. அதைத் தடவிப் பார்ப்பதற்குள் வாளியிலிருந்து ஒரு கை அள்ளி என் முகம் முழுக்க அப்பிவிட்டார்.

மைதா, மஞ்சள், சோப்பு, கரி, எல்லா வாடையும் வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. முதல் மழை விழுந்ததும் கும்பர்வாடா பக்கமிருந்து எங்கள் சந்துக்கு வருமே, அந்த வாடை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, இதுல என்ன போட்டிய?"

"எல்லாம் ஒன் சரக்குதான்! மூஞ்சிக்குப் பூசுற மூல்தானி மிட்டி! மொம்பாசாப் பொண்ணுவள மயக்க ஒளிச்சு வச்சிருக்கியாக்கும். கொஞ்சம் எடுத்தா கொறஞ்சா போவே? நொர கெட்டியா வரலேன்னு மொத்தத்தையும் போட்டுட்டேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பயந்த தலைப்பிரட்டை கத்துகிறது என்று எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். இரண்டு பேர் என்னைத் தூக்கித் தொட்டியில் போட்டார்கள். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தேன். எனக்கு முன்னால் முங்கினவர்களின் முகத்திலிருந்து கரைந்து, தொட்டி முழுக்க மண் நிறமாக இருந்தது.

எழுந்து நின்று, "இது எங்கண்ணனுக்கு உம்மா குடுத்த மண்ணு" என்றேன். தமிழில்தான் சொன்னேன். செய்யது அண்ணனுக்கும் மாமிக்கும் மட்டும்தான் புரிந்தது. செய்யது அண்ணன் வாளியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா, மைதீனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். சாரங் ஓடிவந்து என்னவென்று கேட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சொன்னார். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. ராஜா தாடியைக் கழற்றிவிட்டார். மேலே பாண்டு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது.

உம்மாவுக்கு நான் என்ன சொல்வது என்பது தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அது கேட்டது ஒன்றே ஒன்று.

சாரங் தொட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "யாரும் தொட்டியைத் திறக்கக் கூடாது. யாரும் மூஞ்சியைக் கழுவக் கூடாது. அஸர் வரைக்கும்" என்றார்.

அப்படியே இருந்தார்கள். முங்கினவர்கள் முகத்தில் மிச்சம் ஒட்டியிருந்தது, ஆமைகள் முகத்தில் தெறித்தது. அன்றைக்கு மத்தியானம் முழுக்க அந்தக் கப்பலில் காய்ந்த மண் முகத்தோடு கலாசிகள் கயிறு இழுத்தார்கள், தளம் துடைத்தார்கள். சாப்பிடும்போது உதட்டை மட்டும் துடைத்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளைக்கார ஆபீசர் இறங்கி வந்து, விழா முடிந்ததே, தொட்டி இன்னும் ஏன் நிற்கிறது, அவிழ்த்துவிடு என்றார். சாரங் அவர் பக்கத்தில் போய் மெதுவாக ஏதோ சொன்னார். ஆபீசர் மண் முகங்களைப் பார்த்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

செய்யது அண்ணன் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. நான்தான் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், கண்ணீருக்கு அது வசதி.

"சொல்லியிருக்கலாம்லலே எங்கிட்ட."

"வாய் வரலண்ணே."

"எனக்கு அவன் தம்பியோட வெளயாடணும்போல இருந்துச்சு. அவன் இருந்தா ஒனக்கு இன்னும் ரெண்டு கை கூட அப்பியிருப்பான்." கத்தியை வைத்துவிட்டு, "வா, கருவாடு இருக்கு" என்றார். இரண்டு பேரும் தின்னவில்லை.

அஸருக்கு முன்னால் சாரங் விசில் அடித்தார். மண் முகங்கள் எல்லாம் வந்து நின்றன. கடல் அந்த இடத்தில் மற்ற இடத்தைப் போலத்தான் இருந்தது. நீலம், அவ்வளவுதான். ஒரு அடையாளமும் இல்லை.

"இதுதான்" என்றார் சாரங்.

தொட்டித் தண்ணீர் மேலே தெளிந்திருந்தது. அசைந்துகொண்டே இருக்கிற கப்பலில் மண் எப்படித் தங்கும் என்று நினைத்திருந்தேன். கித்தானின் மூலை மடிப்பில் கொழகொழவென்று தங்கியிருந்தது. சாரங் என் சட்டைக் கையை மடித்துவிட்டார். நான் உள்ளே குனிந்து அள்ளினேன். ஒரு பிடி. கம்பிக்கு மேலே கையை நீட்டி, ஓத வேண்டியதை ஓதி, விட்டேன். இன்னொரு பிடி. இன்னொன்று. மூன்றும் சரியாக இருந்தன. சோப்பும் மஞ்சளும் கலந்த மண்தான். அண்ணனுக்கு அது பழகின வாடைதானே.

பிறகு செய்யது அண்ணன் வந்தார். மரக்கத்தியால் தன் கன்னத்தில் ஒட்டியிருந்ததை வழித்துக் கடலில் உதறினார். அவரைப் பார்த்து மற்றவர்களும். தச்சர், கோவாக்காரர்கள், புதுக் கலாசிகள், ஒவ்வொருத்தரும் முகத்திலிருந்து உதிர்த்து உள்ளங்கையில் எடுத்துப் போட்டார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள், சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மாமி கம்பியோரம் நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு பொட்டு மண். காலையில் தெறித்தது, அவரும் கழுவவில்லை.

"நானும் போடலாமோடாப்பா? தப்பில்லையே?"

"போடுங்க மாமி."

விரல் நுனியால் எடுத்து, குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி காற்றில் வைத்தார். அது காற்றோடு போயிற்று. அப்புறம் கித்தானை அவிழ்த்தார்கள். தண்ணீர் தளத்தில் ஓடி ஓரத் துவாரம் வழியாகக் கடலில் இறங்கியது. கொஞ்ச தூரத்துக்கு எங்களுக்குப் பின்னால் கடல் எங்கள் சந்து நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தொழுதோம்.

மொம்பாசாவில் மாமாவின் கை கூடும் வரைக்கும் பொத்தான் தைத்தேன். அங்கேயும் கடலோரத்தில் மரவள்ளிக் கிழங்கு சுட்டு மிளகாய்ப்பொடி தூவி விற்கிறார்கள். மாஹிம் கடற்கரையை நினைத்துக்கொண்டு தின்றேன். ஊரைச் சொல்ல வேறு எதுவும் இல்லை. என் மனசு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

திரும்பி வந்தபோது தாராவியில் மழை. சாக்கடை நிறைந்து சந்து முழுக்கத் தண்ணீர். உம்மா வாசலில் நின்றது. நான் இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம், நடுவில் சாக்கடை. உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"மண்ணு போட்டியாலே?"

"போட்டேம்மா. நான் மட்டுமில்ல. கப்பல்ல இருந்தவுக எல்லாரும் போட்டாவ."

உம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டு, அண்ணன் இருந்தவரை எத்தனையோ தடவை மாட்டேன் என்று சொன்ன அந்தச் சாக்கடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. மழையில் என் தலையைத் துடைத்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி ஒரு தட்டுச் சோறு தின்றது.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்களவர்களாக இருந்தால் என் அண்ணன் மைதீனுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள். மற்றவர்கள் உங்கள் சாமியிடம் உங்கள் பாஷையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவனுக்குத் தலைமாட்டில் கல் கிடையாது, பேர் எழுதி வைக்க இடம் கிடையாது. யாராவது கப்பலில் லைனைத் தாண்டித் தெற்கே போனால், அன்றைக்கு அஸர் நேரத்தில் தண்ணீரைப் பார்த்து ஒரு ஸலாம் சொல்லிவிட்டுப் போங்கள். அவனுக்கு ஆட்கள் வந்தால் பிடிக்கும்.